போனோடு மட்டும் பேச்சு

“அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசலை. போன்கிட்டதான் பேசறேன். அதை முதல்ல அவளுக்குச் சொல்லிடு.”

துபாஷி ஐயா முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்து, மேசைமேல் கிடந்த செல்போனைப் பார்த்துச் சொன்னார். ஸ்பீக்கரில் மகன், “சரிப்பா, போன்கிட்டயே பேசுங்க” என்றான். சமையலறை வாசலில் நின்ற அம்மாளுக்கு, அதாவது ஐயாவின் மனைவிக்கு, அப்போதுதான் மூச்சு வந்தது.

நீதிமன்றத்தில் சாட்சிகளின் பேச்சை நீதிபதிக்கு மொழிபெயர்த்துச் சொல்லி ஓய்வு பெற்றவர் அவர். அதனால்தான் துபாஷி என்று பேர். அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. சொன்ன சொல் மாறாத குடும்பம் என்று நாலு பேர் சொல்லும்படி வாழ்ந்தவர்கள். அந்த வீட்டு ஒரே பிள்ளை, வேலைக்குப் போன தேசத்தில், நம் பாஷையில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டான். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் ஐயா வாக்குக் கொடுத்தார். தன் பேச்சு புரியாதவளோடு தனக்குப் பேச்சு இல்லை, அவள் இந்த வாசற்படி ஏறவும் வேண்டாம்.

அதன்பிறகு மகன் கூப்பிடும்போது பக்கத்தில் அவள் சத்தம் கேட்டால் போதும், ஐயா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மருமகளை போட்டோவில் மட்டும் பார்த்துப் பார்த்து அம்மாளின் கண் பூத்துப்போயிருந்தது.

இப்போது மகன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அவன் கம்பெனியில் ஒரு புது போன் தயாராகிறதாம். இன்னும் கடைக்கு வரவில்லை. அவள் தன் பாஷையில் பேசப் பேச, அவள் குரலிலேயே இங்கே நம் பாஷையில் கேட்குமாம். இவர் பேசுவது அங்கே அவள் பாஷையில் போகுமாம்.

அம்மாளால் நம்ப முடியவில்லை. டிரங்க் கால் போட்டுத் தொண்டை கிழியக் கத்திய காலம் அவளுக்கு நினைவிருந்தது. வீட்டுக்கு முதன்முதலில் வந்த செல்போன் செங்கல் கனம் இருந்தது. டவர் கிடைக்கவேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடவேண்டும். அங்கிருந்து இங்கே வந்தாயிற்றா?

“வணக்கம் மாமா. நல்லா... இருக்கீங்களா?”

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கடல் தாண்டிய ஒரு நாக்கு, போனுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நம்முடையதாகிவிட்டது. ஐயாவும் இமைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துவிடுவாரோ என்று அம்மாளுக்குத் திக்திக்கென்றது.

“இருக்கேன்” என்றார், போனிடம்.

வாராவாரம் பேச்சு தொடர்ந்தது. ஆரம்பத்தில் போன் ரொம்பத் திணறியது. தெருநாய்க்கெல்லாம் மரியாதை கொடுத்து, ‘நாய் வெளியில தூங்கறாங்க’ என்றது. அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐயா சிரிக்கவில்லை. நாய்க்கு அவ்வளவு மரியாதை ஆகாது என்று அந்த மெஷினுக்குச் சொல்லிவைக்கும்படி மகனிடம் சொன்னார். அடுத்த வாரம் நாய் சாதாரணமாகத் தூங்கியது. கம்பெனியில் அதற்குப் புதுசுபுதுசாக ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மகன் விளக்கினான். பேசி முடித்ததும் அம்மாள் போனைப் புடவைத் தலைப்பால் துடைத்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல மேசையில் வைப்பாள்.

“நல்லவேளை, நீங்க ரிட்டையர் ஆகிட்டீங்க. இல்லாட்டி உங்க நாற்காலியில இதைத் தூக்கி உட்கார வெச்சிருப்பாங்க” என்று கணவரைச் சீண்டினாள்.

ஒருநாள் அவர் நேராகவே கேட்டுவிட்டார்.

“என் பிள்ளைகிட்ட என்னத்தைக் கண்டு கட்டிக்கிட்டாள்னு அந்தப் பொண்ணைக் கேட்டுச் சொல்லு.”

அம்மாள் போன் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள்.

“நான் பேசும்போது அவர்... குறுக்க வரமாட்டார், மாமா. முடிக்கிற வரைக்கும் முழுசா கேட்பார். என்னை யாரும் அப்படி... கேட்டதில்லை. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டேன். எங்கப்பா கோர்ட்டுல அப்படித்தான் நின்னு கேட்பார்னு சொன்னார்.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு பேரையும் வரச்சொல்லு” என்றார் கடைசியில். “அந்த போனையும் மறக்காம எடுத்துட்டு வரணும்.”

வந்து இறங்கினார்கள். அம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியை இறக்கி வைப்பதற்குள், எங்கேடா அந்த அதிசயம், காட்டு என்று மகனிடம் கையை நீட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். படிக்கு வெளியே நின்ற மருமகள்தான் வாயைத் திறந்தாள். அதே குரல்.

“அப்படி ஒரு போனே... இல்லை, அத்தை. நான்தான் உங்க பாஷையைப் படிச்சுப் படிச்சுப் பேசினேன். மாமா மன்னிக்கணும்.”

ஐயாவோ, பொய்ச்சாட்சி சொன்னவர்களின் முகத்தில் அதற்கப்புறம் விழித்தே அறியாத மனிதர். அம்மாள் பயந்துகொண்டே திரும்பினாள். ஐயா விறைப்பாகத்தான் நின்றார்.

“உள்ள வாம்மா” என்றார் மருமகளிடம். “மெஷின் ஆரம்பிக்கத்தான் தயங்கும். பாதிப் பேச்சுல நின்னு வார்த்தை தேடறது மனுஷங்க மட்டும்தான். எனக்கு முதல் நாளே தெரியும்.”

“அப்புறம் ஏங்க இத்தனை நாளா போன்கிட்ட பேசறேன், போன்கிட்ட பேசறேன்னு...” என்று அம்மாள் இழுத்தாள்.

“அன்னிக்கு அவளுக்கு என் பேச்சு பாதிதான் புரிஞ்சுது. பேசறது அவதான்னு எனக்குத் தெரியும்னு காட்டியிருந்தா, கொடுத்த வாக்குக்கு நான் எழுந்து போயிருக்கணுமே!”