விதைக்கு நாலு

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், பக்கத்துத் தெரு ஞானசௌந்தரி பூக் கேட்டு வந்தாள். ஜெயசீலியின் வாசல் முழுக்கக் கோழிக்கொண்டை, ரத்தச் சிவப்பில் நின்றது.

"எங்க வீட்டுக்காரர் கல்லறையில நானும் இதே செடிதான் வச்சிருந்தேன். விதை உதிர்ந்து தானா முளைக்கட்டும்னு பூவைப் பறிக்காம விட்டேன். போன வருஷம் யாரோ காய்ஞ்ச கொண்டையை எல்லாம் கிள்ளிட்டுப் போயிட்டாங்க. இப்ப அங்க வெறும் மண்ணுதான்."

போன வருஷம் அந்த விதைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்த ஜெயசீலி, கத்தரிக்கோலை எடுத்தாள். குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு பூவாக வெட்டினாள். கை நிறைந்த பிறகும் நிறுத்தவில்லை.

ஞானசௌந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்மா. எல்லாத்தையும் வெட்டிட்டா எப்படி? விதைக்கு நாலு விடு."