காற்று போகும் வழி

விமானம் மூன்றாம் சுற்றுக்குத் திரும்பும்போதே இத்ரீஸின் காதில் அது விழுந்துவிட்டது.

இஞ்சின் சத்தத்தில் ஒரு தொய்வு.

வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு வறண்ட கண்மாயில் விளையாட்டு விழா. பத்தடி இறக்கை, பன்னிரண்டு கிலோ எடை. பொம்மை விமானம் என்று சொல்லிக்கொள்ளலாம், தலையில் விழுந்தால் பொம்மை இல்லை. ரிமோட்டைப் பிடித்திருந்தவன் இத்ரீஸின் சிநேகிதன் ஸ்டான்லி. கண்மாய்க் கரையில் ஸ்டான்லியின் மனைவி ஜாய்ஸ் டீச்சர், தன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை வரிசையாக உட்காரவைத்திருந்தாள். சுற்றுக்கு ஒருமுறை விமானம் அந்தத் தலைகளுக்கு மேலேதான் போனது.

மைக்கில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "இஞ்சின் மாட்டிக் குடுத்தது நம்ம கம்பம் இத்ரீஸ் பாய். அந்தா, பந்தலுக்குப் பக்கத்துல நிக்கிறாக பாருங்க."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்ரீஸ் சிரித்துவைத்தான். கம்பத்தில் பைக் மெக்கானிக். இருபது வருஷமாக அவன் கைபட்ட வண்டி வழியில் நின்றதாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

இஞ்சின் சூடேறுகிறது என்று அவனுக்குப் புரிந்தது. பங்குனி வெயில் மட்டும் காரணம் இல்லை. விமானத்தின் மூக்கு வழியாக நுழைகிற காற்று சிலிண்டரை உரசி, சூட்டை வாங்கிக்கொண்டு, வயிற்றுப் பக்கத்துத் திறப்பு வழியே வெளியேற வேண்டும். வெளியேற வழி இல்லையென்றால் உள்ளே வரவும் வராது. ஒருத்தரும் இறங்காத பஸ்ஸில் எங்கே ஏறுவது?

விமானம் தாழ்ந்து அவன் தலைக்கு மேல் போனது. அண்ணாந்து பார்த்தான்.

உள்ளங்கை அகலத் திறப்பு இருக்க வேண்டிய இடத்தில் தகரம் வைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, நேர்த்தியாக அடைத்திருந்தது.



இன்னும் ஒரு சுற்று தாங்கலாம். அதற்குள் இறக்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஸ்டான்லி முப்பதடி தூரத்தில்தான், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தான். ஓடிப்போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இத்ரீஸுக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகளை நினைத்தும் பயம், பேரை நினைத்தும் பயம்.

அவன் ஓடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

இஞ்சின் லேசாகச் சுடுகிறது, என்ன செய்ய என்று காலையில் ஸ்டான்லி கேட்டிருந்தான். கடையில் ஆள் நின்ற அவசரத்தில் இத்ரீஸ் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிய பதில் அதில் இருந்தது. "காத்து வீணாப் போகுது மாப்ள. அந்த ஓட்டைய அடைச்சிரு."

சிலிண்டரை உரசாமல் பக்கவாட்டில் காற்று நழுவிப்போகிற இடைவெளியைத்தான் அவன் சொன்னான். எந்த ஓட்டை என்று சொல்லவில்லை.

பதிவின் மேல் விரலை அழுத்திப் பிடித்தான். எல்லாருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. முதல் தடவை விரல் தவறி, இரண்டாம் தடவை அழிந்தது.

பிறகுதான் ஓடினான்.

விமானம் அப்போது கரையை நோக்கித் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. சத்தம் சுத்தமாக நின்றுபோனதை ஏதோ வித்தை என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.