நைலானே போதும்

"கம்பியில இரும்பு துளிகூட இருக்கக் கூடாது. நைலானே போடுங்க."

கிட்டாரை மேசைமேல் வைத்தவரை வேல்முருகன் ஏற இறங்கப் பார்த்தான். சோளக்காடு என்னும் மலையூரில் ரேடியோவும் மைக் செட்டும் ரிப்பேர் பார்க்கும் அவன் கடைக்குக் கிட்டார் வருவதே அத்தி பூத்தாற்போலத்தான். வந்தவர் ஆல்பர்ட். பக்கத்துத் திருப்புலி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த அறிவியல் வாத்தியார்.

"ஏனுங்க சார், ஸ்டீல் கம்பி நல்லாத்தானுங்க இருக்குது? கிட்டாரு என்னமோ நைலானுக்குச் செஞ்சதுதானுங்க. ஆனா சர்ச்சுல கடைசி பெஞ்சுக்குக் கேக்காதுங்க."

"அதுக்காகத்தான் அவ ஸ்டீல் போட்டா. என் மனைவி, தெரசா. இப்ப எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"நைலான் புதுசுல இழுக்குமுங்க. ரெண்டு நாளைக்குச் சுதி நிக்காதுங்க."

"ரெண்டு நாள் எங்க இருக்கு? நாளைக்கு அவ கிளம்பிடுவா. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை அவ வாசிச்சு நான் கேக்கணும்." ஆல்பர்ட் கிட்டாரின் கழுத்தைத் தடவினார். "ஒரு மாசமா இது மேல விரலே வைக்க மாட்டேங்கிறா."

வேல்முருகனுக்குப் பாவமாக இருந்தது. குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், நமக்கெதற்கு என்று கம்பிகளைக் கழற்றினான்.

"உக்காருங்க சார்" என்று ஸ்டூலைக் காட்டினான். ஆல்பர்ட் அதை எடுத்துக் கிட்டார் பக்கமாகப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார்.

நைலான் கட்டைப் பிரித்ததும் மூன்று தடித்த கம்பிகள் மட்டும் பளபளத்தன. ஆல்பர்ட் பதறிப்போனார். சட்டைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தார்.

"செம்புச் சுத்துங்க சார், வெள்ளி முலாம். ஒட்டாதுங்க." எங்கே போனாலும் வாத்தியார் புத்தி போகாது என்று வேல்முருகன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அப்போது கூடையோடு ஊர்க்காரி கண்ணாயி படியேறினாள்.

"வேலு கண்ணு, ஒரு ஆணி இருந்தாக் குடு. மொளகுக் காட்டுல நிக்கிற மனுசனுக்குக் கறிச்சோறு கொண்டு போறேன். மேகம் வேற எறங்கிருச்சு."

வேல்முருகன் பழைய கம்பியில் ஒரு துண்டை வெட்டிக் கூடையில் செருகினான். "இதுவும் இரும்புதானுங்க அக்கா. காத்துக் கருப்பு எதுவும் அண்டாது."

"நிஜமாவே அண்டாதாம்மா?" என்று ஆல்பர்ட் கேட்டார்.

"எத்தனை ஆசையா வந்தாலும் இரும்பைத் தொடாது, எட்டத்தான் நிக்கும், சாமி."

ஆல்பர்ட் மிச்சக் கம்பியையும் சுருட்டி அவள் கூடையிலேயே போட்டார். "இதையும் கொண்டு போயிடுங்கம்மா. தூரமா."

கண்ணாயிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வாத்தியாரை வாழ்த்திவிட்டுப் போனாள்.

கம்பிகளைப் பூட்டிச் சுதி கூட்டி முடித்தபோது வாசலில் பாதை தெரியவில்லை. அவ்வளவு மேகம்.

"பையில போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும்." கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டார். ஒரு உறையை மேசையில் வைத்தார். "நாளைக்குக் காலையில அவளுக்காகப் பூசை. நீங்களும் வரணும்."

ஊருக்குப் போகிற மனைவிக்குப் பூசை வைத்து வழியனுப்புகிறாரே, எவ்வளவு ஆசை இந்த மனுசனுக்கு என்று வேல்முருகன் நெகிழ்ந்துபோனான்.

ஆல்பர்ட் வண்டியில் ஏறி, எஞ்சினைப் போடாமலே இறக்கத்தில் உருட்டிவிட்டார். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி மேகத்துக்குள் மறைந்தார்.

வேல்முருகன் உறையைப் பிரித்தான். சிரித்த முகமாக இருந்த தெரசாவின் படத்துக்குக் கீழே 'முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி' என்று அச்சிட்டிருந்தது.

இறக்கத்து மேகத்துக்குள்ளிருந்து, சுதி சற்றே இறங்கிப்போன நைலான் கம்பிகளில் யாரோ மெல்ல வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.