எந்தக் காலால் பிரேக்?

"கோர்ட்டில முதல்ல என்ன சொல்வே?" என்று கேட்டார் வக்கீல்.

"அன்னிக்குக் காரை ஓட்டினது நான்தானுங்க. சின்ன ஐயா வீட்டுல தூங்கிட்டு இருந்தாருங்க." முதலாளி வீட்டு சோபாவில் முதன்முறையாக உட்கார வைக்கப்பட்டிருந்தவன், நுனியில் ஒட்டிக்கொண்டு ஒப்பித்தான்.

"சபாஷ்! பிரேக்கை எந்தக் காலால மிதிச்சே?"

"இடது காலாலங்க."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "டிரைவர் சொல்ற பதிலாய்யா இது? ஜட்ஜே சிரிச்சிடுவார்!"

"நான் சமையல்காரனுங்க. எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க."

வக்கீல் முதலாளி பக்கம் திரும்பினார். "என்ன சார் இது? உங்க வீட்டுல டிரைவரே கிடையாதா?"

"இருக்கான். பத்து வருஷ லைசென்ஸ்."

"அப்புறம் என்ன? பழியை அவன் தலையில கட்டியிருந்தா கேஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போயிருக்குமே!"

"எனக்கு மட்டும் அது தெரியாதா?" முதலாளிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த மாதிரி சமயத்துக்குத்தானே அவனுக்குச் சம்பளமே குடுத்தேன். அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கிறது யாருன்னு நீங்க இதுவரைக்கும் கேட்டீங்களா? கேட்டைத் திறந்துட்டு நகராம நின்னான், மடையன்! எம் பையன் காரை ஏத்தினதே அவன் மேலதான் சார்!"