மலைக்கோயில் சந்தனம்

ஷாலினி தன் அண்ணனின் பழைய கேமிங் லேப்டாப்பைச் சுதாகரின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தாள். புது கேம் ஓட வேண்டுமாம். சுதாகர் ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டினான். பிராசஸர் மேல், சூடு தணிக்கும் பசைக்குப் பதிலாகக் காய்ந்த சந்தனம் இருந்தது.

“அண்ணன் வேலைங்க. சூடாவுதுன்னு மலைக்கோயில் சந்தனத்தப் பூசிகினே இருப்பாரு. அவரு தவறிப்போயி மூணு வருசம் ஆவுது.”

சுதாகர் சந்தனத்தைச் சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்தான். கேம் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. தொண்ணூற்றெட்டு டிகிரி. லேப்டாப்பை உள்ளே வைத்துக் கடையைப் பூட்டினான்.

மறுநாள் காலை அதே கேம் மூன்று மணி நேரம் ஓடியது. சூடு நாற்பதைத் தாண்டவில்லை.

“என்ன பண்ணீங்க?” என்றாள் ஷாலினி.

“ஒண்ணும் பண்ணலீங்க.”

அவள் எதிரிலேயே கழற்றினான். புதுப் பசை இருந்த இடத்தில் ஈரச் சந்தனம். நடுவில் ஒரு விரல் தடம் பதிந்திருந்தது.

சுதாகர் துணியை எடுத்தான்.

“தொடைக்காதீங்க,” என்றாள் ஷாலினி.