வெள்ளை நாற்று

பன்னிரண்டாம் நாள் காலை, தட்டில் முளைத்திருந்த மக்காச்சோள நாற்றுகளில் நாலில் ஒரு பங்கு காகிதம் போல வெளுத்து நின்றன. விதைக்குள் இருக்கும் சாப்பாடு தீரும்வரைதான் அவற்றுக்கு உயிர். சுகந்தி அந்த வெள்ளை இலைகளை மட்டும் நறுக்கிக் குப்பியில் போட்டாள். அந்தச் சாவு குரோமோசோமில் துல்லியமாக எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

தண்ணீர் ஊற்ற வந்த நஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள். “தாய்ச்செடி நல்ல பச்சையாத்தானுங்களே இருந்துச்சு, இது ஏனுங்கம்மா இப்படி?”

“அந்தச் செடியோட மகரந்தத்தை அதுக்கே போட்டோம்க்கா. உள்ள ஒளிஞ்சு கிடந்தது ரெண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துடுச்சு.”

சொல்லி முடித்ததும் சுகந்தியின் கத்தரிக்கோல் நின்றது. அவள் கட்டியிருப்பது சொந்தத் தாய்மாமனை. முதல் குழந்தை பிறந்த பதினான்காம் நாளே போய்விட்டது. இப்போது ஐந்தாம் மாதம். சொந்த ரத்தத்தில் என்ன கோளாறு வந்துவிடும் என்று மாமா இன்னமும் கேட்கிறார். வயிற்றில் இருப்பதற்கு எடுத்த பரிசோதனையின் முடிவு, இந்த விதைகளை ஊன்றிய நாளிலிருந்து ஒட்டிய உறை பிரிக்கப்படாமல் அவள் பைக்குள் கிடக்கிறது.

“முளைக்கறதுக்கு முன்னாலயே இன்னது வெள்ளைன்னு கண்டுபிடிக்க முடியாதுங்களா?”

“முடியும்க்கா. விதையோட ஓரத்துல துளி சுரண்டிப் பார்த்தாப் போதும்.”

நஞ்சம்மாள் வெள்ளை நாற்றுகளுக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்தாள்.

“அப்பறம் ஏனுங்கம்மா முளைக்க உட்டீங்க?”