கிடங்கில் கிடந்த சட்டை

துறைமுகக் கிடங்கில் ஒரு மஞ்சள் சட்டை மாதக்கணக்காகக் கிடந்தது. ஆட்களை அடைத்துவைத்து வேலை வாங்கும் ஆலையில் தைத்தது என்பதால், அதை விற்கச் சட்டம் விடவில்லை.

"நாளைக்கு உன்னை அந்த ஆலைக்கே திருப்பி அனுப்புறாங்களாம்," என்றது கிடங்குப் பூட்டு.

சட்டைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "என்னைத் தைச்ச பேச்சியம்மாவைப் பார்க்கலாமா? 'நீயாவது கடலைப் பாரு'ன்னு சொல்லித்தான் என்னை மடிச்சு வச்சா. பார்த்துட்டேன்னு அவகிட்ட சொல்லணும்."

பிறகு அதன் குரல் தயங்கியது. "ஆனா, இவ்வளவு பெரிய சட்டம் வந்திருக்கே. இந்நேரம் அவளையும் வெளிய விட்டிருப்பாங்களோ?"

"கவலைப்படாதே, அங்கேதான் இருப்பா," என்றது பூட்டு. "அந்த ஆலைக் கதவுல தொங்குறது என் அண்ணன். அவனை இன்னும் யாரும் திறக்கல."